ஜாஸ் கிட்டாரின் கூடு: ஹாலோபாடி கிட்டாரின் வரலாறு

ஹாலோபாடி கிட்டார் என்பது உடற்பகுதி முழுவதும் உள்ளே கூடாக அமைந்த கிட்டார் வகையாகும். பெரும்பாலும் மின்னிணைப்புடன் வரும் ஜாஸ் கிட்டார்களையே இப்பெயர் குறிக்கிறது. வயலினைப் போல இதன் மேற்பலகையும் அடிப்பலகையும் வளைந்து மேடிட்டிருக்கும். அதனால் இக்குடும்பத்துக்கு ஆர்ச்டாப் என்ற பொதுப்பெயரும் உண்டு.

இக்கருவியின் வரலாற்றில் ஒரு முரண் இருக்கிறது. கிட்டாரின் ஒலியைப் பெரிதாக்கவே இக்கூடு இந்த வடிவத்துக்கு வந்தது. 1930-களின் பிற்பகுதியில் அந்த வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது. 1950-களில் கூடே இல்லாத திடவுடல் கிட்டார்கள் மலிவாகவும் உறுதியாகவும் கிடைக்கத் தொடங்கின. அப்போதே ஹாலோபாடி மறைந்திருக்க வேண்டும். ஆனால் இன்றும் ஜாஸ் வாசிப்போர் புதிய கிட்டார் வாங்க நினைக்கும்போது முதலில் தேடுவது இதைத்தான். பிறந்த காரணம் போன பிறகும் ஒரு கருவி ஏன் நிலைத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கான விடை புதிதாக ஒன்றை வாங்குவோருக்கும் பயன்படும். கடையில் அவர்கள் காணும் ஒவ்வொரு வகையும் வரலாற்றின் ஒரு கட்டத்தில் எழுந்த ஒரு தேவைக்கான பதிலாகும்.

கருவியின் அமைப்பு

வீணையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் உறுப்புகளைப் புரிந்துகொள்வது எளிது. வீணையின் குடத்தின் மேல் நிற்கும் குதிரையைப் போலவே இங்கும் தந்திகளைத் தாங்கி ஒரு குதிரை மேற்பலகையின் மேல் நிற்கிறது. வீணையின் மெட்டுகளைப் போலவே கழுத்தின் விரல்பலகையில் உலோக மெட்டுகள் பதிந்துள்ளன.

சாதாரண நாட்டுப்புற கிட்டாரில் மேற்பலகை தட்டையாக இருக்கும். நடுவில் வட்டத் துளை இருக்கும். தந்திகளின் முனைகள் பலகையில் ஒட்டிய பாலத்திலேயே கட்டப்பட்டிருக்கும். ஆர்ச்டாப்பில் குதிரை ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் அழுத்தமே அதை நிற்க வைக்கிறது. தந்திகள் குதிரையைக் கடந்து, உடலின் கடைசியில் பொருத்திய உலோக அல்லது மரத் தாங்கியில் முடிகின்றன. எனவே தந்திகள் மேற்பலகையை மேல்நோக்கி இழுப்பதில்லை, கீழ்நோக்கி அழுத்துகின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே பலகை வளைந்திருக்கிறது. வட்டத் துளைக்குப் பதிலாக வயலினில் இருப்பதைப் போன்ற இரண்டு எஃப் வடிவத் துளைகள் குதிரையின் இருபுறமும் இருக்கும்.

இந்த அமைப்பு ஒலியின் தன்மையை மாற்றுகிறது. தந்தியை மீட்டியதும் அதன் ஆற்றல் விரைவாகப் பலகைக்குச் சென்று ஒலியாகிறது. ஆகவே சுரத்தின் தொடக்கம் கூர்மையாகவும் வலுவாகவும் இருக்கும். கார்வை குறைவாக இருக்கும். இந்தக் குணத்தை நினைவில் கொண்டால் பின்னால் வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

கலமசூவில் தொடக்கம்

வளைந்த பலகையைக் கிட்டார் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஆர்வில் கிப்சன். 1856-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த இவர் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இசைக்கருவிகள் செய்து வந்தார். அக்காலத்தில் மாண்டலின் செய்வோர் மெல்லிய பலகைகளை வளைத்து ஒட்டுவது வழக்கம். கிப்சன் மாறாக, வயலின் செய்வோரைப் போலத் தடித்த மரத்தைச் செதுக்கி வளைவை உருவாக்கினார். பக்கங்களையும் கூட வளைக்காமல் மரத்திலிருந்தே வெட்டி எடுத்தார். வளைத்த மரத்தில் எப்போதும் ஓர் இறுக்கம் இருக்கும், செதுக்கிய மரமே தடையின்றி அதிரும் என்பது அவர் கருத்து. இம்முறையில் அமைந்த மாண்டலினுக்கு 1898-இல் அவர் காப்புரிமை பெற்றார்.

1902-இல் முதலீட்டாளர்கள் சிலர் அவர் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். நிறுவனத்தின் முக்கியப் பொருள் மாண்டலின்தான். அமெரிக்க நகரங்களில் மாண்டலின் குழுக்கள் பெருகியிருந்த காலம் அது. கிட்டார் இரண்டாம் இடத்திலேயே இருந்தது. ஆர்வில் கிப்சன் 1918-இல் மறைந்தார்.

லாயிட் லோரும் எல்-5 கிட்டாரும்

1919-இல் லாயிட் லோர் என்பவர் கிப்சன் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் மாண்டலின் கலைஞர்; ஒலியியலில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். வயலினில் உள்ள பல கூறுகளை மாண்டலினுக்கும் கிட்டாருக்கும் கொண்டுவர முனைந்தார். அதன் விளைவாக 1922-இல் எல்-5 என்னும் கிட்டார் வெளிவந்தது. 16 அங்குல அகலம், செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேற்பலகை, அதன் உட்புறத்தில் இரண்டு நீண்ட தாங்குசட்டங்கள், எஃப் வடிவத் துளைகள், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய குதிரை ஆகியவை அதில் இருந்தன. கழுத்து வளையாமல் காக்க உள்ளே ஓர் உலோகக் கம்பி பொருத்தப்பட்டது. தேவைப்படும்போது அதை முடுக்கிச் சரிசெய்யலாம். இதை உருவாக்கியவர் அதே நிறுவனத்தைச் சேர்ந்த தாடியஸ் மெக்ஹியூ. இன்று உலகில் விற்கும் பெரும்பாலான எஃகுத் தந்திக் கிட்டார்களில் இவ்வகைக் கம்பி இருக்கிறது.

மாண்டலின் மோகம் தணிந்துகொண்டிருந்த நேரத்தில் லோரின் கருவிகள் சந்தைக்கு வந்தன. அவை பெரிய வணிக வெற்றி பெறவில்லை. 1924 இறுதியில் லோர் நிறுவனத்தை விட்டு விலகினார். ஆனால் அவர் விட்டுச்சென்ற எல்-5 கிட்டாருக்கு, அவர் எண்ணிப் பார்த்திராத ஓர் இசை காத்திருந்தது.

பாஞ்சோ விலகியது

தொடக்கக்கால ஜாஸ் குழுக்களில் தாளத்தைத் தாங்கிய தந்திக் கருவி பாஞ்சோ. ட்ரம்பெட், டிராம்போன், கிளாரினெட், முரசு ஆகியவற்றின் நடுவே அதன் உரத்த, வறண்ட ஒலி தனியே கேட்கும். நடன அரங்கிலும் கேட்டது; புனல் வழியே ஒலியைப் பதிவுசெய்த அக்கால ஒலிப்பதிவுக் கூடத்திலும் கேட்டது. கிட்டாரின் மென்மையான ஒலிக்கு அங்கே இடமில்லை.

1925-இல் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் மைக்கைப் பயன்படுத்தும் மின்வழி ஒலிப்பதிவுக்கு மாறின. மெல்லிய ஒலியும் இசைத்தட்டில் பதிவாகத் தொடங்கியது. இந்த வாய்ப்பை முதலில் முழுமையாகப் பயன்படுத்தியவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த எடி லாங். இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த அவரது இயற்பெயர் சால்வடோர் மசாரோ. வயலின் கலைஞர் ஜோ வெனுட்டியுடன் 1926 முதல் அவர் செய்த பதிவுகளில் கிட்டார் துணைக்கருவியாக மட்டும் நிற்கவில்லை, வயலினோடு உரையாடியது. கறுப்பினக் கலைஞரான லானி ஜான்சனுடன் 1928, 1929 ஆண்டுகளில் அவர் இணைந்து செய்த கிட்டார் இணைப்பதிவுகளும் புகழ்பெற்றவை. இனப் பிரிவினை கடுமையாக இருந்த காலம் என்பதால் அப்பதிவுகளில் லாங் ‘பிளைண்ட் வில்லி டன்’ என்ற புனைபெயரில் இடம்பெற்றார். அவர் கையில் இருந்த எல்-5 கிட்டார் மற்ற கலைஞர்களின் கவனத்தை ஈர்த்தது. 1933-இல், தொண்டைச் சதை அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து லாங் இளம் வயதிலேயே இறந்தார். அதற்குள் பாஞ்சோ கலைஞர்கள் பலர் கிட்டாருக்கு மாறியிருந்தனர்.

அளவில் நடந்த போட்டி

ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் உதவியது. நடன அரங்கிலோ நிலைமை வேறு. 1930-களில் ஜாஸ் குழுக்கள் பெருகி, பதினைந்து பேர் வரை வாசிக்கும் பிக் பேண்டுகளாயின. அவர்களுக்கு நடுவே கிட்டார் கேட்க வேண்டுமானால் கருவி பெரிதாக வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் முடிவு செய்தனர்.

நியூயார்க்கில் கிரேக்கக் குடும்பம் ஒன்று நடத்திய எபிஃபோன் நிறுவனம் 1931-இல் எஃப் துளைகள் கொண்ட கிட்டார் வரிசையை வெளியிட்டுக் கிப்சனுக்குப் போட்டியாக நின்றது. அதன் தலைவர் எபமினோண்டாஸ் ஸ்டாதோபூலோ. ‘எபி’ என்ற அவரது செல்லப்பெயரே நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. கிப்சன் 1934-இல் 18 அங்குல அகலமுள்ள சூப்பர் 400 கிட்டாரைக் கொண்டுவந்தது. பெயரில் உள்ள 400 அதன் விலை, டாலரில். பெருமந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை. எல்-5 கிட்டாரும் 17 அங்குலமாக வளர்ந்தது. அடுத்த ஆண்டு எபிஃபோன் அதைவிடச் சற்றே அகன்ற எம்பரர் கிட்டாரால் பதில் சொன்னது. பாஸ்டன் நகரில் சார்லஸ் ஸ்ட்ராம்பெர்க்கும் அவர் மகன் எல்மரும் 19 அங்குலக் கருவியைச் செய்தனர்.

நியூயார்க்கின் கென்மேர் தெருவில் 1932-இல் பட்டறை தொடங்கிய ஜான் டி'ஆஞ்சலிகோ பெரிய ஆலைகளின் வழியில் செல்லவில்லை. ஓரிரு உதவியாளர்களை மட்டும் வைத்துக்கொண்டு, வாங்குபவரின் கைக்கும் வாசிப்புக்கும் ஏற்ப ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகச் செய்தார். 1964-இல் மறையும்வரை அவர் பட்டறையில் உருவான கிட்டார்கள் 1,164.

இந்தக் கருவிகளின் உச்சப் பயன்பாட்டைக் கவுண்ட் பேஸியின் குழுவில் காணலாம். அதில் 1937-இல் சேர்ந்த ஃபிரெடி கிரீன், 1987-இல் இறக்கும்வரை 50 ஆண்டுகள் தாளக் கிட்டார் வாசித்தார். ஒலிபெருக்கியை அவர் ஏறக்குறைய நாடவே இல்லை. தந்திகளை விரல்பலகையிலிருந்து மிக உயரமாக வைத்து, ஒவ்வோர் அடியிலும் ஒரு மீட்டு என்று நான்கு அடிக்கும் நான்கு மீட்டு மீட்டினார். தனித்து ஒரு சுரமும் முன்னால் வந்து நிற்காது. ஆனால் அது நின்றால் குழுவின் நடையே தளரும். கூர்மையான தொடக்கமும் குறைந்த கார்வையும் கொண்ட ஆர்ச்டாப்பின் இயல்பு இந்த வேலைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

மின்சாரம் வந்தது

தாளத்துக்கு இது போதும். ட்ரம்பெட்டைப் போலத் தனித்து நின்று இராகவெளியில் சஞ்சரிக்க வேண்டுமென்றால் 19 அங்குலமும் போதாது. அந்தத் தடையை உடைத்தது பிக்கப். காந்தத்தையும் கம்பிச்சுருளையும் கொண்ட இச்சிறு கருவி எஃகுத் தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றுகிறது. ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்குகிறது.

கிப்சன் நிறுவனம் 1936-இல் இ.எஸ்-150 என்ற மின் கிட்டாரை வெளியிட்டது. 16 அங்குல ஆர்ச்டாப் உடலில் நீண்ட சட்டம் போன்ற ஒரு பிக்கப் பொருத்தப்பட்டது. கிட்டாரும் ஒலிபெருக்கியும் சேர்ந்து சுமார் 150 டாலர். பெயரில் உள்ள எண் அதைத்தான் குறிக்கிறது.

1938-இல் எடி டர்ஹம் மின் கிட்டாரில் ஜாஸ் பதிவுகள் செய்தார். அதற்கு அடுத்த ஆண்டு, ஆகஸ்ட் 1939-இல், ஓக்லகோமா நகரில் வளர்ந்த 23 வயது சார்லி கிறிஸ்டியன், பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்தார். சாக்ஸபோன் கலைஞரைப் போல நீண்ட வாக்கியங்களாக அவர் வாசித்தார். ஹார்லெம் பகுதியில் மிண்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற விடுதியில் நள்ளிரவுக்குப் பின் நடந்த கூட்டிசைகளில், பின்னாளில் பீபாப் எனப் பெயர்பெற்ற புதிய ஜாஸ் உருவானபோது அவரும் அங்கே இருந்தார். காசநோயால் 1942 மார்ச் 2 அன்று தம் 25-ஆம் வயதில் காலமானார். புகழ்வெளிச்சத்தில் அவர் வாசித்த காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. அந்தக் குறுகிய காலத்தில் ஜாஸ் கிட்டாரின் முகம் மாறிவிட்டது. இ.எஸ்-150 கிட்டாரின் பிக்கப் இன்றும் ‘சார்லி கிறிஸ்டியன் பிக்கப்’ என்றே அழைக்கப்படுகிறது.

கூடு சுமையானது

கல்யாண மண்டபத்தில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் எழும் ஊளை எல்லோரும் கேட்டது. ஹாலோபாடி கிட்டாரிலும் அதுவே நடக்கிறது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி கிட்டாரின் மேற்பலகையை அதிரச் செய்கிறது. பலகை தந்தியை அதிரச் செய்கிறது. பிக்கப் அதை மீண்டும் ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. இந்தச் சுழற்சி ஒரு கட்டத்தில் கட்டுக்கடங்காத ஊளையாகிறது. இதைப் பின்னூட்டம் என்பர். பலகை எவ்வளவு மெல்லியதோ, எவ்வளவு எளிதாக அதிருமோ அந்த அளவுக்குத் தொல்லையும் கூடும். கைவினைஞர்கள் எதை நற்குணம் என்று பாடுபட்டு வளர்த்தார்களோ அதுவே குறையாக மாறியது.

கலைஞர்கள் எஃப் துளைகளை ஒட்டுநாடாவால் மூடினர். உடலுக்குள் துணியைத் திணித்தனர். லெஸ் பால் 1940-களின் தொடக்கத்தில் வேறு கோணத்தில் சிந்தித்தார். ஒரு மரக்கட்டையில் பிக்கப்பையும் கழுத்தையும் பொருத்தி, பார்வைக்குக் கிட்டார் போலத் தோன்றவேண்டி இரண்டு பக்கங்களிலும் எபிஃபோன் கிட்டார் உடலின் பாதிகளை ஒட்டினார். ஒலி கட்டையிலிருந்தே வந்தது. கூடு வெறும் அலங்காரம். கிப்சன் அப்போது அதை ஏற்கவில்லை. லியோ ஃபெண்டர் 1950-இல் திடவுடல் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, 1952-இல் கிப்சனும் லெஸ் பால் பெயரில் ஒன்றை வெளியிட்டது. ஒலிபெருக்கி உள்ள இடத்தில் கிட்டாருக்குக் கூடு தேவையில்லை என்பது அத்துடன் உறுதியானது.

மூன்று விடைகள்

திடவுடலுக்கு மாற விரும்பாத ஜாஸ் கலைஞர்களுக்காகக் கிப்சன் நிறுவனம் 1949 முதல் 1958 வரை மூன்று விடைகளை அளித்தது. இன்று கடையில் காணும் வகைகள் இவற்றின் வழிவந்தவையே.

முதல் விடை 1949-இல் வந்த இ.எஸ்-175. இதன் மேற்பலகை செதுக்கியதன்று. மேப்பிள் தகடுகளை ஒட்டி அச்சில் அழுத்தி வளைத்த ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை விறைப்பானது, குறைவாக அதிரும். எனவே ஊளையும் குறைவு. மின்னிணைப்பு இல்லாமல் மீட்டினால் ஒலி மெலிதாக இருக்கும். ஒலிபெருக்கி வழியாகவோ அடர்ந்த, உருண்ட நாதம் கிடைக்கும். விலை 175 டாலர். 1957 முதல், சேத் லவர் வடிவமைத்த, மின் இரைச்சலை நீக்கும் ஹம்பக்கர் பிக்கப் இதில் இடம்பெற்றது. ஹெர்ப் எல்லிஸ், ஜிம் ஹால், ஜோ பாஸ், பின்னர் பாட் மெத்தனி ஆகியோர் இதைக் கையாண்டனர். ஏறக்குறைய 70 ஆண்டுகள் இந்த வகை தயாரிப்பில் இருந்தது.

இரண்டாவது விடை 1951-இல் வந்தது. செதுக்கிய பலகை கொண்ட எல்-5, சூப்பர் 400 ஆகிய உயர்ரகக் கருவிகளிலேயே பிக்கப்புகளைப் பதித்தனர். பலகையில் துளையிட்டுப் பாரமேற்றுவதால் மின்னிணைப்பில்லா ஒலி சற்றுக் குறையும். ஆனால் ஊளையும் கட்டுக்குள் வரும். இண்டியானாபோலிஸ் நகரைச் சேர்ந்த வெஸ் மாண்ட்கோமரி இந்த எல்-5 வகையைத்தான் வாசித்தார். மீட்டியைத் தவிர்த்து, கட்டைவிரலின் சதையால் தந்தியை மீட்டிய அவரது ஒலி இன்றும் பலருக்கு ஜாஸ் கிட்டாரின் இலக்கணமாக இருக்கிறது. பலகையைத் துளைக்கவே விரும்பாதவர்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. பிக்கப்பைப் பலகையில் படாமல் விரல்பலகையின் முனையில் மிதக்கவிடுவது அது. 1961-இல் ஜானி ஸ்மித் பெயரில் வந்த கிப்சன் கிட்டார் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

மூன்றாவது விடை 1958-இல் வந்த இ.எஸ்-335. மெல்லிய உடலின் நடுவே கழுத்திலிருந்து கடைசிவரை ஒரு மரக்கட்டை ஓடுகிறது. இரு பக்கங்கள் மட்டுமே கூடாக இருக்கின்றன. லெஸ் பாலின் மரக்கட்டை வேறு உருவில் திரும்பி வந்தது எனலாம். இதை அரைக்கூடு கிட்டார் என்று பிரித்துச் சொல்வது வழக்கம். ஹாலோபாடி என்று நினைத்து இதை வாங்குவோர் உண்டு. ஒலியிலும் கார்வையிலும் இது வேறு இனம்.

கூடு ஏன் நிலைத்தது

தேவை தீர்ந்த பிறகும் கலைஞர்கள் கூட்டைக் கைவிடாததற்குக் காரணம் பழக்கம் மட்டுமன்று. ஜாஸ் கிட்டாரில் நான்கைந்து சுரங்கள் சேர்ந்த கூட்டுசுரங்கள் அடுத்தடுத்து விரைவாக மாறுகின்றன. நீண்ட கார்வை அங்கே ஒன்றோடொன்று கலந்து குழப்பும். விரைவில் தணியும் ஒலி ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் விடுகிறது. மீட்டியதும் எழும் கட்டை ஒலி முரசின் தட்டுப்போல நடைக்கு உறுதி தருகிறது. தடித்த, வழவழப்பான தட்டைச்சுற்றுத் தந்திகளைப் போட்டால் மேல்தொனிகள் அடங்கி, மனிதக் குரலுக்கு நெருங்கிய கனிவு வரும். உரப்புக்காகச் செய்த கூடு இவ்வாறு நாதத்துக்காகப் போற்றப்படலாயிற்று.

கூடு இல்லாமல் ஜாஸ் வாசிக்க முடியாது என்று இதற்குப் பொருளில்லை. கனடாவின் எட் பிக்கர்ட் ஃபெண்டர் திடவுடல் கிட்டாரில் மிக நுண்ணிய ஜாஸ் வாசித்தவர். ஜாஸுக்குக் கூடு கட்டாயம் என்ற நிலை போய், அது கலைஞர் விரும்பி எடுக்கும் தேர்வாக மாறியது. அந்த மாற்றமே இக்கருவியைக் காப்பாற்றியது.

கடல் கடந்த தயாரிப்பு

1960-களில் ராக் இசை பெருகியதும் அமெரிக்க ஆலைகளின் கவனம் திடவுடல் பக்கம் திரும்பியது. எபிஃபோனை 1957-இல் கிப்சனே வாங்கியிருந்தது. கிப்சன் 1970-களில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்கு மாறத் தொடங்கி, 1984-இல் கலமசூ ஆலையை மூடியது. ஊரைவிட்டுப் போக மனமில்லாத முன்னாள் பணியாளர்கள் சிலர் 1985-இல் அதே கட்டடத்தில் ஹெரிடேஜ் என்ற பெயரில் நிறுவனம் தொடங்கி ஆர்ச்டாப் செய்வதைத் தொடர்ந்தனர்.

இதற்கிடையே முன்முயற்சி ஜப்பானுக்குச் சென்றிருந்தது. அமெரிக்கக் கருவிகளை நகலெடுத்துக்கொண்டிருந்த ஐபனெஸ் நிறுவனம், 1977-இல் ஜார்ஜ் பென்சனுடன் இணைந்து ஜிபி10 என்ற கிட்டாரை உருவாக்கியது. உடலின் அகலம் 15 அங்குலத்துக்கும் குறைவு, பிக்கப்புகள் மிதப்பவை. பெரிய அரங்குகளில் உரத்த குழுவுடன் வாசித்த பென்சனுக்கு ஊளை இல்லாத ஹாலோபாடி தேவைப்பட்டது. 1930-களில் கருவி கேட்பதற்காக உடலைப் பெரிதாக்கினார்கள்; 1977-இல் அதே நோக்கத்துக்காகச் சிறிதாக்கினார்கள். ஜாஸ் கிட்டாரின் வரலாற்றை இந்த ஓர் ஒப்பீட்டிலேயே சொல்லிவிடலாம். பின்னர் கொரியாவிலும் சீனாவிலும் செய்த ஒட்டுப்பலகைக் கிட்டார்கள் சில நூறு டாலருக்குக் கிடைத்தன. மாணவர்களும் ஹாலோபாடி வாங்க முடிந்தது. செதுக்கிய பலகை கொண்ட கருவிகளையும் சீனாவின் ஈஸ்ட்மன் நிறுவனம் 2000-களில் நடுத்தர விலைக்குக் கொண்டுவந்தது. வயலின் செய்து பழகிய கைகள் அதற்கு உதவின.

கைவினையின் மறுமலர்ச்சி

டி'ஆஞ்சலிகோவின் பட்டறையில் இளம் வயதில் உதவியாளராகச் சேர்ந்த ஜிம்மி டி'அக்விஸ்டோ, ஆசிரியர் மறைந்தபின் அக்கலையைத் தொடர்ந்தார். தொடக்கத்தில் ஆசிரியரின் வடிவங்களைப் பின்பற்றிய அவர், பிற்காலத்தில் உலோகத் தாங்கியை நீக்கிக் கருங்காலித் தாங்கியை வைத்தார். பகட்டான சிப்பி வேலைப்பாடுகளைக் குறைத்தார். பாரம் குறைந்தால் ஒலி விடுபடும் என்பது அவர் எண்ணம். ஆசிரியர், மாணவர் இருவருமே 59 வயதில் இறந்தனர். டி'அக்விஸ்டோ மறைந்த ஆண்டு 1995.

அவர் செய்த நீல நிறக் கிட்டார் ஒன்றால் ஈர்க்கப்பட்ட சேகரிப்பாளர் ஸ்காட் சினரி, 22 கைவினைஞர்களிடம் 18 அங்குல நீல ஆர்ச்டாப்புகளைச் செய்து தரக் கேட்டார். 1990-களின் பிற்பகுதியில் அவை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. ராபர்ட் பெனடெட்டோ 1994-இல் ஆர்ச்டாப் செய்முறையை முழு நூலாக எழுதி வெளியிட்டார். பட்டறைக்குள் மறைவாக இருந்த அறிவு அதனால் எல்லோருக்கும் திறந்தது. 2011-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம், இத்தாலிய மரபில் வந்த நியூயார்க் கைவினைஞர்களின் கிட்டார்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது.

மரத்தின் கதை

மேற்பலகைக்கு ஸ்ப்ரூஸ், பக்கங்களுக்கும் அடிப்பலகைக்கும் மேப்பிள் என்பது வயலினிலிருந்து வந்த மரபு. இவை குளிர்நாட்டு மரங்கள். விரல்பலகைக்கோ கடினமான வெப்பமண்டல மரங்கள் வேண்டும். கருங்காலியும் ஈட்டியும் அவ்வாறு பயன்படுபவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம் உலகின் கிட்டார் பட்டறைகள் பலவற்றுக்குச் சென்றிருக்கிறது. அழிவைத் தடுக்க 2017 ஜனவரி முதல் இம்மர இனம் முழுவதும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிட்டாரோடு நாட்டு எல்லையைக் கடக்கவும், அதை விற்கவும் சான்றிதழ்கள் தேவைப்பட்டன. 2019 நவம்பரில், முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிரேசில் ஈட்டிக்கு மட்டும் கடுமையான தடை தொடர்கிறது. வெளிநாட்டிலிருந்து கருவி வாங்குவோர் அதிலுள்ள மரம் எது என்று கேட்டறிவது நல்லது.

புதிதாக வாங்குவோர் முன்னுள்ள கேள்வி

செதுக்கிய பலகை உயர்ந்தது, ஒட்டுப்பலகை தாழ்ந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. விலையும் அதற்கு வலுச் சேர்க்கிறது. வரலாறு சொல்வது வேறு. இரண்டும் இரண்டு தேவைகளுக்குப் பிறந்தவை. ஜிம் ஹாலும் ஜோ பாஸும் ஒட்டுப்பலகைக் கருவியில் வாசித்ததால் அவர்களின் இசை குறைந்துவிடவில்லை.

வீட்டிலும் சிறு அறையிலும் ஒலிபெருக்கி இல்லாமலோ மிக மெலிதாக வைத்தோ வாசிப்பவருக்கு, செதுக்கிய பலகையும் மிதக்கும் பிக்கப்பும் கொண்ட கருவி தன் முழு அழகைக் காட்டும். முரசும் பாஸும் சேர்ந்த குழுவில் வாரந்தோறும் வாசிப்பவருக்கு ஒட்டுப்பலகையே உற்ற துணை. உரத்த மேடையில் பல வகை இசையும் வாசிக்க வேண்டுமென்றால் சிறிய உடலோ அரைக்கூடோ பொருந்தும். முழுக்கூடு ஆர்ச்டாப்பில் குதிரை பொதுவாக ஒட்டப்படாதது என்பதை மறக்கக் கூடாது. தந்திகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அது இடம்பெயரும், சுருதி பிசகும். தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றுவதே முறை. செதுக்கிய பலகை ஈரப்பதம் கூடும்போதும் குறையும்போதும் அசையும். கடலோர ஊர்களில் வாழ்வோர் அதைப் பெட்டிக்குள் வைத்துக் காப்பது நல்லது.

கேட்கப்பட வேண்டும் என்ற ஏக்கத்தில் பிறந்த கருவி இது. அந்த ஏக்கத்தை மின்சாரம் தீர்த்துவைத்தது. அதன் பிறகு இக்கூடு நிலைத்ததற்கு அதன் நாதமே காரணம். ஆதலால் புதிய ஹாலோபாடி கிட்டாரை வாங்குபவர் விலைப்பட்டியலைப் பார்க்கும் முன், தாம் எங்கே, யாரோடு, எவ்வளவு உரக்க வாசிக்கப் போகிறோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். கலமசூவிலும் கென்மேர் தெருவிலும் இருந்த கைவினைஞர்களும் இக்கேள்விக்கு விடை தேடியே மரத்தைச் செதுக்கினார்கள்.